ராஜாவின் மீசையில் கஞ்சி

வியாழன் இரவு. மழை விட்டுவிட்டது.

நோன்பு மாதம் தொடங்கியதிலிருந்து ராஜா இரவுச் சாப்பாட்டைத் தொடுவதில்லை. என் கணவர் போனபின் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து என்னோடு சாப்பிடும் பூனை அது. நோயோ என்று பயந்து அலோர் காஜா டவுனில் இருக்கும் மிருக டாக்டரிடம் கொண்டு போனேன். டாக்டர் கொஞ்சம் குண்டு என்றார்.

நேற்று தாமதமாக வந்தபோது அதன் மீசையைத் துடைத்தேன். கஞ்சி ஒட்டியிருந்தது, வெந்தய வாசத்தோடு. எங்கள் வரிசையில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவது மூன்றாவது வீட்டு ஹமீதா மட்டும்தான். தன் மளிகைக் கடையை நிரந்தரமாக மூடியபின் அவளும் தனியாகத்தான் இருக்கிறாள்.

இன்று சாயங்காலம் போனேன். மேசையில் இரண்டு கிண்ணங்கள். எதிர் நாற்காலியில் என் பூனை.

"மன்னிச்சிருங்க அக்கா. பள்ளிவாசல்ல பாங்கு சொல்ற வரைக்கும் இவனும் வாய் வைக்க மாட்டான். என் பிள்ளைங்ககூட சின்ன வயசுல இப்படிப் பொறுமையா இருந்ததில்ல லா," என்று சிரித்தாள்.

கடுமையாகப் பேசத்தான் போயிருந்தேன். "கஞ்சியில போடுற பூண்டு பூனைக்கு ஆகாது. வெறும் மீன் கொடு," என்று மட்டும் சொன்னேன்.

"சரிக்கா. நாளைக்கு நோன்பு திறக்க நீங்களும் வாங்க."

கூப்பிட்டவுடன் தலையாட்டும் பழக்கம் எனக்கில்லை. பார்க்கலாம் என்று சொல்லிக் கிளம்பினேன். ராஜா பின்னால் வரவில்லை.

இன்று இரவு என் வீட்டில் எதிர் நாற்காலி காலி. சோற்றைப் பாதியில் மூடி வைத்தேன்.

நாளை போனால், பூனையைத் தேடி வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் வெறுங்கையோடு போக முடியாது. காலையில் பேரீச்சம்பழம் வாங்க வேண்டும், நல்லதாகப் பார்த்து.