இடக் கன்னத்தில் மச்சம்

மார்ச் 4

வாயாடிக்கு,

இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. அங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்து வேலையை நிரந்தரமாக்குகிறார்கள், சேருவதா வீட்டுக்குத் திரும்புவதா என்று மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய். உன் இஷ்டம்.

வேறு செய்தி என்றால், சிரிக்காதே, நான் படம் வரையக் கற்றுக்கொள்கிறேன். சலூன் மாடியில் ஒரு பெண் சாயங்கால வகுப்பு ஆரம்பித்திருக்கிறாள். நீ போன பிறகு கடையைச் சாத்தினால் பொழுது நகரமாட்டேன் என்கிறது, அதனால் போனேன். கரிக்குச்சியைக் கையில் கொடுத்தாள். கொஞ்சம் அழுத்தினால் ஒடிந்துவிடுகிறது. நம் கடைத் துண்டையே கசக்கி மேஜையில் போட்டு வரையச் சொன்னாள். நான் கோடு கோடாக இழுத்தேன். "அண்ணே, கோடெல்லாம் வேணாம். தாள் முழுக்கக் கரியைப் பூசுங்க. அப்புறம் வெளிச்சம் எங்க விழுதோ அங்க மட்டும் அழிச்சு எடுங்க" என்றாள். ரப்பர், பிசைந்த மாவு மாதிரி இருக்கிறது. ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். வேண்டாததை எடுத்தால் உருவம் வரும் என்றால் அது நம்ம தொழில்தானே? துண்டு அச்சு அசலாக வந்துவிட்டது. மறுநாள் மூக்கைச் சிந்தினால் கறுப்பு.

இப்படிக்கு,
சலூன்காரன்


மார்ச் 9

ஊமைக்கோட்டானுக்கு,

கடிதம் கிடைத்தது. துண்டுக்கு ஒரு பத்தி, எனக்கு இரண்டு சொல். பரவாயில்லை, பழகிப்போனதுதான்.

நான் கிளம்பின அன்றும் இதே 'உன் இஷ்டம்'தான் சொன்னீர்கள், தலையைக்கூட நிமிர்த்தாமல். நாற்காலியில் உட்காருகிறவனோடு உலகக் கதையெல்லாம் பேசுவீர்கள். சாப்பாட்டுக் கூடையோடு வந்து பின்னால் பெஞ்சில் நான் காத்திருந்தால், "வை, வரேன்." வீட்டுக்கு வந்தால் பேப்பர் உண்டு, தட்டு உண்டு. சண்டை போட்டிருந்தால்கூட இருந்திருப்பேன். சுவரோடு எவ்வளவு காலம் பேசுவது, சொல்லுங்கள்?

இங்கே உப்பில்லாத சாப்பாடு யாருக்கு, காரமில்லாதது யாருக்கு என்று பார்த்து அனுப்புவது என் வேலை. அத்தனை நோயாளிகளும் என்னைத் திட்டுகிறார்கள். திட்டுவதற்காவது முகத்தைப் பார்க்கிறார்கள்.

துண்டை வரைந்தவர் என்னையும் வரைந்து அனுப்புங்கள். ஃபோட்டோவைப் பார்க்கக் கூடாது. நீங்கள் என்னைப் பார்த்திருக்கிறீர்களா என்று எனக்குத் தெரிய வேண்டும். அது வந்த பிறகுதான் வேலை விஷயமாக இவர்களுக்குப் பதில் சொல்வேன்.

இப்படிக்கு,
வாயாடி


மார்ச் 19

வாயாடிக்கு,

படம் இதோடு வருகிறது. மடிக்கவில்லை, நடுவில் அட்டை வைத்திருக்கிறேன்.

பேஸ்டல் என்று வண்ணக்கட்டி. கண்ணுக்குப் பூ மாதிரி அழகாக இருக்கிறது, கைக்கு நரகம். ஒரு நிறத்தைத் தொட்ட விரலால் இன்னொன்றைத் தொட்டால் போச்சு. கன்னத்து நிழலுக்கு நீலம் தேய்க்கச் சொன்னாள். "மனுஷ மூஞ்சிக்கு நீலமா?" என்று சண்டைக்குப் போனேன். தேய்த்த பிறகுதான் கன்னமே வந்தது. பிறகு ஒரு மடத்தனம் செய்தேன். வண்ணம் உதிராமல் இருக்கட்டும் என்று கடையில் இருந்த ஹேர் ஸ்ப்ரேயை அடித்தேன். கரிப்படத்துக்கு அது சரியாக இருந்தது. இது முழுக்கக் கறுத்துவிட்டது. வாத்தியாரம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மழை வரப்போகிற நேரத்தில் நீ உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்.

ஃபோட்டோவைப் பெட்டியைவிட்டு எடுக்கவில்லை, சத்தியமாக. கண்ணை மூடினால் நீ வந்து நிற்கிறாய். எனக்கே ஆச்சரியம்.

இப்படிக்கு,
சலூன்காரன்


மார்ச் 26

ஊமைக்கோட்டானுக்கு,

படம் வந்தது. அசந்துபோனேன். காத்திருக்கும்போது கீழுதட்டைக் கடிப்பேன் என்று எனக்கே தெரியாது. நான் தினமும் பார்க்கிற என் முகம் அப்படியே இருந்தது.

பக்கத்து அறை நர்ஸிடம் பெருமையாகக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு அக்கா. ஆனா மச்சம் உங்களுக்கு வலது கன்னத்துலதானே? இடதுல போட்டிருக்காரு. வகிடும் மாறியிருக்கு" என்றாள். எனக்கு அப்போதும் புரியவில்லை. தலை வாரக் கண்ணாடி முன்னால் நின்றபோதுதான் பட்டென்று விளங்கியது. நான் என்னைப் பார்ப்பது கண்ணாடியில், இடம் வலமாக. நீங்களும் என்னைக் கடைக் கண்ணாடியில் மட்டும்தான் பார்த்திருக்கிறீர்கள். பெஞ்சில் நான் இருக்க, அடுத்தவன் தலைக்கு மேலாக.

பார்த்திருக்கிறீர்கள் என்பதில் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். உதட்டைக் கடிப்பதுவரை பார்த்தவர் ஒரு தடவை திரும்பியிருக்கலாமே என்று ஆத்திரமும் வந்தது. அழுதும்விட்டேன்.

இன்று காலை மேலாளரிடம் இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெஞ்சில் இனிமேல் என்னால் உட்கார முடியாது.

வாயாடி


மார்ச் 30

வாயாடிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்குக் கடை திறக்கவில்லை. மாடிக்குப் போய் மறுபடியும் உன்னை வரைந்தேன், கரியில். மச்சம் வலது பக்கம், வகிடு சரியான பக்கம். "இப்பத்தான் அண்ணே சரியா இருக்கு" என்றாள் வாத்தியாரம்மா.

எனக்கு அது யாரோ ஒருத்தி. நேராகப் பார்த்தால் தெரியாத அளவுக்கா உன்னோடு குடும்பம் நடத்தினேன்? திரும்பினால் நீ ஏதாவது கேட்பாய், எனக்குப் பதில் சொல்லத் தெரியாது என்று பயம். கண்ணாடியில் என்றால் யாரும் எதுவும் கேட்பதில்லை.

நீ எடுத்த முடிவு சரி. வேலையை விடாதே. கடையை, பக்கத்து நாற்காலியில் முடி வெட்டுகிறவர் நடத்திக்கொள்கிறேன் என்கிறார். அந்த ஊர்க்காரர்களுக்கும் முடி வளராமலா இருக்கும்? ஏப்ரல் இரண்டாம் ஞாயிறு பஸ் ஏறலாம் என்று இருக்கிறேன். இந்தத் தடவை 'உன் இஷ்டம்' என்று எழுதமாட்டேன். வரச் சொல். கெஞ்சித்தான் கேட்கிறேன்.

சலூன்காரன்


ஏப்ரல் 4

ஊமைக்கோட்டானுக்கு,

வாருங்கள். அறை சின்னது, ஜன்னல் ஒன்றுதான், குறை சொல்லக் கூடாது.

அன்று எனக்குக் காலை வேலை. மத்தியானச் சாப்பாடு அனுப்பிவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். அந்த நேரத்தில் பார்வையாளர் கூட்டம் நெரியும், நான் உங்களைக் கவனிக்காமல் போகலாம். பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். கல்யாணமான நாளிலிருந்து கூப்பிடுகிற மாதிரி 'இந்தா' என்றால் அங்கே பத்துப் பேர் திரும்புவார்கள்.

வாயாடி