அக்கா சொன்ன குட்பாய்

அன்புள்ள அக்கா,

இதை யாருக்கும் காட்டாதீர்கள், அத்தானுக்கும் வேண்டாம். உங்களோடு கதைத்தால் என் படிப்பை நிறுத்திவிடுவதாக அப்பா சொல்லியிருக்கிறார்.

அப்பாவின் சம்மதமில்லாமல் அத்தானோடு புறப்பட்ட அன்று, நீங்கள் "போயிட்டு வாறன்" என்று சொல்லவில்லை. அழுதுகொண்டே "குட்பாய்" என்றீர்கள். "வாறன் எண்டு சொல்ல அவளுக்கு வாய் வரேல்லை. இனி வரவே வேண்டாம்" என்று அப்பா இன்னும் சொல்கிறார்.

இன்று உங்கள் பழைய ஆங்கில அகராதியைப் புரட்டினேன். 'கடவுள் உங்களோடு இருப்பாராக' என்ற வாழ்த்துத்தான் காலப்போக்கில் சுருங்கிக் குட்பாய் ஆனதாம். ஞாயிறுதோறும் ஆராதனை முடிவில் போதகர் சொல்வதுதானே அக்கா! அம்மாவிடம் மட்டும் சொன்னேன். கேட்டதும் எழுந்து போய்விட்டார்.

உங்கள் கட்டிலில் நான் படுப்பதில்லை. எப்போது வருவீர்கள்?

கதவைத் தட்டும் சத்தம் கேட்கிறது. அப்பாதான். விளக்கை அணைக்கப் போனேன்.

"லைற்றை நூக்காதை, பிள்ளை. கொம்மா சொன்னவ. அந்தப் புத்தகத்தை நானும் ஒருக்கா பாக்கோணும்" என்று வெளியே நின்று சொல்கிறார், அக்கா!