நீங்கள் சொன்ன ‘யெஸ் சேர்’

என் ஆசை அண்ணைக்கு,

உங்கள் அப்பீல் முடிந்துவிட்டது. வெல்லவும் இல்லை, தோற்கவும் இல்லை. நீங்கள் செத்ததோடு அதுவும் செத்துவிட்டது என்று சட்டத்தரணி நேற்று ரெலிபோனில் சொன்னார். மூன்று நீதிபதிகளும் இனித் தீர்ப்பு எழுத மாட்டார்கள். கீழ் நீதிமன்றம் உங்களைக் கள்ளன் என்றது அப்படியே நிற்கும். செத்தவனுக்கு நியாயம் கிடையாதா என்று கத்தினேன். சட்டம் அப்படித்தான் என்றார், பாவம், அவர் என்ன செய்வார்?

ரொறன்ரோவில் இந்த முறை பனி வேளைக்கே கொட்டிவிட்டது. உங்கள் கோட்டு இன்னும் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. அதைத் தொட எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் வேலை செய்த கிடங்கில் ஆறு ரேடியோப் பெட்டிகள் களவு போய், பொலிஸ் உங்களை விசாரிக்கக் கூப்பிட்ட அன்று, வாசலில் வைத்து என்னிடம்தானே கேட்டீர்கள்? “உள்ளுக்கை போய் என்னடா சொல்லுறது?”

தமிழர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் இந்த நகரத்தில். உங்களுக்கு இரண்டு வருடம் முன்னால் வந்த நான் பெரிய விண்ணன். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

“எதிர்த்துக் கதைக்காதேங்கோ அண்ணை. கேக்கிறதுக்கெல்லாம் யெஸ் சேர் எண்டு சொல்லுங்கோ. மரியாதையைக் கண்டால் விட்டிடுவாங்கள்.”

ஊரில் பொலிசிடம் அடி வாங்காமல் தப்ப எங்களுக்குத் தெரிந்த வழி அதுதான்.

பெட்டியை எடுத்தாயா? யெஸ் சேர். காரில் ஏற்றினாயா? யெஸ் சேர். உங்களிடம் காரே இல்லையே, அண்ணை! கையெழுத்தும் வைத்துவிட்டு வெளியே வந்து, “நல்ல மனுசர், கோப்பியும் தந்தவை” என்றீர்கள். வழக்கிலும் அதையே சொன்னீர்கள். அடிக்கவில்லை, மிரட்டவில்லை, கோப்பி தந்தார்கள். அப்படியென்றால் விரும்பிக் கொடுத்த வாக்குமூலம்தான் என்று முடித்துவிட்டார்கள். சட்டத்தரணியைக் கூப்பிட உங்களுக்கு உரிமை இருந்தது. அதை ஒருவரும் உங்களுக்குச் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது.

பிணையில் வந்தபின் அப்பீலுக்குப் பிடித்த சட்டத்தரணி முதல் நாளே கேட்டார், யெஸ் சொல்லும்படி யாராவது சொல்லித் தந்தார்களா என்று. நான்தான் மொழிபெயர்த்தேன். நீங்கள் என்னை ஒருதரம் பார்த்தீர்கள்.

“ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லடா. எங்கட பழக்கம் எண்டு சொல்லு.”

அப்படியே சொன்னேன். என் குடியுரிமைப் பத்திரங்கள் அப்போது பாதி வழியில். அதற்காகவா என்னைக் காப்பாற்றினீர்கள்? தம்பி என்பதாலா? நான் கேட்கவே இல்லை. உண்மையைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மேல் நீதிமன்றத்தில் நடுவில் இருந்த நீதிபதி, அப்பீல் செய்தவர் வந்திருக்கிறாரா என்று கேட்டார். பின்வரிசையில் துள்ளி எழும்பி “யெஸ் சேர்” என்றீர்கள். அவர் பேனாவை வைத்துவிட்டு உங்களையே பார்த்தார். எங்கள் பழக்கம் அவருக்கு விளங்கிவிட்டது, வென்றுவிட்டோம் என்று நினைத்தேன். தீர்ப்பு வரமுன், பதினேழாம் நாள், ஸ்ரீட்கார் என்கிற ட்ராம் வண்டி நிற்குமிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டீர்கள்.

அண்ணி ஊரிலிருந்து எழுதியிருக்கிறா. “கோர்ட்டில என்ன சொன்னவை? பிள்ளையளுக்கு நான் என்ன சொல்லுறது?”

இன்றைக்கே அவவுக்குப் பதில் எழுதுகிறேன். நாலுபேர் படிக்கட்டும் என்றுதான் இதையும் எழுதுகிறேன். நீதிமன்றம் சொல்லாததை நான் சொல்வேன். “உங்கள் அப்பா ஒரு பெட்டியும் எடுக்கவில்லை, யெஸ் சொல்லச் சொன்னது சித்தப்பாதான்” என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். சத்தியம், அண்ணை.

ஒருதரமாவது ‘நோ’ சொல்லுங்கோ என்று சொல்லியிருக்க வேண்டிய,
உங்கள் தம்பி
ராசன்