மூன்றாவது சுவிட்ச்

1987 அக்டோபர் 12, திங்கள்

காலையிலிருந்து சாரல். ஏரி தெரியவில்லை. கடையில் கோட்டை வீடியோ கேம் பெட்டியின் கண்ணாடி வியர்த்துக் கிடந்தது. துடைத்தேன், மறுபடி வியர்த்தது. உள்ளே ஈரம் ஏறாமலிருக்கப் பின்கதவைத் திறந்து நாற்பது வாட் பல்பைப் போட்டு வைத்தேன். பெட்டிக்குக் குளிர் காயப் பல்பு. எனக்கு அக்காவின் பழைய ஸ்வெட்டர், முழங்கையில் ஓட்டை.

லாரிக்காரர் கையில் அத்தான், அக்கா வீட்டுக்காரர், கடை முதலாளி, சீட்டுக் கொடுத்தனுப்பியிருந்தார். கூடவே நூறு பக்க நோட்டு, அதில் சணலால் கட்டிய பேனா. சீட்டில் இருந்தது: கோட்டை விளையாட்டைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ரொம்பக் கஷ்டம், ஒரே வெட்டுக் குத்து, குடும்பத்தோடு வருகிறவர்கள் உள்ளே நுழைவதில்லை என்று கேள்வி. விளையாடுகிறவர்கள் கருத்தை நோட்டில் எழுதி வாங்கி வை. அடுத்த திங்கள் வந்து பார்க்கிறேன். சரியில்லை என்றால் பெட்டியை விற்றுவிட்டு வாடகைக் கடையை ஒப்படைத்துவிடலாம்.

பங்களாவில் தங்குகிறவர்கள் கிளம்பும்போது எழுதிவிட்டுப் போவார்களே, அந்த மாதிரி நோட்டு. 'படுக்கை சுத்தம், காட்சி அருமை.' இங்கே என்ன எழுதுவார்கள்? தலை நன்றாகத் தெறித்தது என்றா?

கார் ஓட்டுகிற பெட்டி ஆவணியிலிருந்து ஓடவில்லை. இருப்பது கோட்டை ஒன்றுதான். அது போனால் கடை போகும், கடை போனால் நான் குடியிருக்கும் பின்னறை போகும். ஆறடிக்கு எட்டடி, மேலே தகரம், ஒழுகுகிறது. ஆனால் கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டு. பள்ளிக்கூடச் சலவை வேலை போனபின் அக்கா வீட்டில் ஒன்பது வருஷம் இருந்தேன். அரிசி மூட்டைக்கும் கிரைண்டருக்கும் நடுவில் பாய். அக்கா மேல் வருத்தம் இல்லை. சேலை மாற்றப் பக்கத்து வீட்டு பாத்ரூமுக்குப் போனவளுக்குத்தான் தாழ்ப்பாளின் அருமை தெரியும். முப்பத்தாறு வயசில் மறுபடி அங்கே போக என்னால் முடியாது.

வாங்க: மண்ணெண்ணெய், வத்திப்பெட்டி, தைலம்.

13, செவ்வாய்

வெயில் அரை மணி நேரம், பிறகு மேகம் இறங்கிவிட்டது. கருத்து வசூல் ஆரம்பம்.

ஏசுதாஸ், ஏரிக்கரை ஹோட்டல் சர்வர். தினமும் வருகிற ஆள். கோட்டையில் மூன்றாவது மாடியைத் தாண்டியதில்லை. "அந்த ஈட்டிக்காரன் கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள குத்திப்புடுறான்க்கா. இது வெளையாட்டா? வழிப்பறி." எழுதுங்கள் என்றேன். 'வழிப்பறி' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கான்வென்ட் சிஸ்டர் ஒருவர், குடையை மடக்காமல் வாசலிலேயே நின்று பார்த்தார். ஏசுதாஸின் வீரன் இரண்டு பேரை வெட்டினான், திரையில் பாதி சிவப்பு. "ரோணிக்கம், எதுக்கு இவ்ளோ ரத்தம்? அவங்க கிட்ட முதல்ல பேசிப் பாக்க முடியாதா?" பேசுவதற்குப் பொத்தான் இல்லை சிஸ்டர், குதிக்க ஒன்று வெட்ட ஒன்று, அவ்வளவுதான், என்றேன். விளையாடாதவர் கருத்து சேராது. நோட்டில் ஏற்றவில்லை.

முத்தையா. கலவரத்தில் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து தப்பி வந்த குடும்பம், காட்டில் மரம் வெட்டுகிறார். மழைக்கு ஒதுங்கியவர் ஒரு டோக்கன் போட்டார், முதல் மாடியிலேயே முடிந்தது. எப்படி இருக்கிறது என்று கேட்டேன். திரையைக் கைகாட்டினார். "பரவாயில்ல புள்ள. வெட்டுப்பட்டவன் தானா மறைஞ்சு போறான். தோட்டத்து லயத்து வீடுகள்ல நாங்கல்ல தூக்கிப் போட்டம்." எழுதட்டுமா என்றேன். எழுத வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு மழையிலேயே இறங்கிப் போனார்.

அப்புறம் எனக்கு வேலை ஓடவில்லை.

14, புதன்

ம. 1.10க்குக் கிளாவரையிலிருந்து பஸ் வந்தது. டிரைவர் சந்தானம் அண்ணன் நேராகக் கடைக்கு. 2.15க்குத் திரும்ப பஸ் எடுக்கும்வரை இங்கேதான். முன்பெல்லாம் அந்த நேரத்துக்கு வீட்டிலிருந்து தூக்குவாளியில் சோறு வரும். போன ஆடியில் அவர் சம்சாரம் தவறிவிட்டது. அன்றைக்குப் பூண்டிக்கு அந்தப் பக்கம் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. அண்ணன் வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். அடுத்த வாரம் முதன்முதலாக இந்தக் கடைக்குள் வந்தார். அதிலிருந்து தினமும்.

கோட்டைக்கு ஏழு மாடி. பெட்டியின் பக்கவாட்டில் பெரிய படம் வரைந்திருக்கிறது: உச்சி மாடி ஜன்னலில் ஒரு பெண், முடி காற்றில் பறக்கிறது, கை நீட்டிக் கூப்பிடுகிறாள். கீழே வாள் பிடித்த வீரன். அண்ணன் டோக்கன் போடுமுன் அந்தப் படத்தைக் கைக்குட்டையால் ஒரு தடவை துடைப்பார். எல்லோரும் கண்ணாடியைத் துடைப்பார்கள், இவர் படத்தை. அவருக்கு அது யார் என்று எனக்குத் தெரியாதா. கேட்டதில்லை.

மொத்த மலையிலும் ஆறாவது மாடி வரை போனது இவர் ஒருவர்தான். அங்கே நாய்கள். இன்றைக்கும் நாய்கள்தான் தின்றன.

நோட்டை நீட்டினேன். "கஷ்டந்தாம்மா. கஷ்டமில்லாம மேல இருக்குற ஆளு எப்படிக் கீழ வரும்?" அதையே எழுதுங்கண்ணே என்றேன். "முடிச்சுட்டு எழுதுறேன். பாதி வழில எழுதக் கூடாது."

பன் ஒன்று கொடுத்தேன். பாதி தின்றுவிட்டு மீதியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

15, வியாழன்

அடைமழை. கரண்ட் வருகிறது, போகிறது. ஒரு ஈ காக்கா இல்லை.

நோட்டில் இதுவரை:
வழிப்பறி.
இரண்டாவது மாடியே தாண்ட முடியவில்லை.
ஏதோ ஏமாற்று இருக்கிறது.
பிள்ளைகள் பார்க்கத் தகாதது.
விரல் வலிக்கிறது, வேறு பெட்டி வையுங்கள்.
மோசம்.
மோசம் (வேறு கையெழுத்து).

இதை அத்தான் பார்த்தால் அன்றைக்கே பாயைச் சுருட்ட வேண்டியதுதான். நானே நாலு நல்ல வார்த்தை எழுதலாமா என்று பேனாவை எடுத்தேன். என் கோழிக் கிறுக்கல் அத்தானுக்கு நன்றாகத் தெரியும். வைத்துவிட்டேன்.

அப்போதுதான் மதுரை மெக்கானிக் ஞாபகம் வந்தது. சித்திரையில் பெட்டியைப் பழுது பார்க்க வந்தவர், பின்கதவைத் திறந்து பச்சைப் பலகையில் பல் மாதிரி வரிசையாக எட்டுச் சின்ன சுவிட்ச் காட்டினார். "மூணாவதக் கீழ தள்ளுனா எதிராளி மெதுவாயிருவான், நமக்கு உசுரு கூட. இப்பக் கஷ்டத்துல வச்சிருக்கு. நீங்க தொட்டுறாதீங்க."

ம. 3க்கு மெயினை அணைத்தேன். கொண்டை ஊசியால் மூன்றாவதைக் கீழே தள்ளினேன். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இவ்வளவு சுலபமா என்று இருந்தது.

இது பாவமா தெரியவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாம் என்றால் முதலில் சாமியாருக்கு சுவிட்ச் விளங்க வேண்டும்.

16, வெள்ளி

மழை விட்டது. குளிர்.

ஏசுதாஸ் ஐந்தாவது மாடி! ஈட்டிக்காரன் தாத்தா மாதிரி நடந்து வருகிறான். "பாத்தீங்களாக்கா, கை பழகிருச்சு." ஆமாம், பழகிவிட்டது என்றேன். 'மிக அருமையான விளையாட்டு, பொறுமை வேண்டும்' என்று எழுதினார். பழைய 'வழிப்பறி'யை அவரே அடித்துவிட்டார்.

புதுக் கல்யாணம் ஆன ஜோடி, விருதுநகர்ப் பக்கம். மாப்பிள்ளை இரண்டாவது மாடியில் செத்துப்போனார். அந்தப் பெண் வளையலை மேலே ஏற்றிக்கொண்டு நின்று, ஒன்பது பேரை வெட்டிவிட்டு, பிறகு வெட்கப்பட்டாள். 'சூப்பர்' என்று எழுதினாள்.

இன்றைக்கு மட்டும் நோட்டில் பதினோரு பேர், எல்லாம் நல்லபடி. எல்லோரும் தங்கள் கை பழகிவிட்டது என்றே நினைக்கிறார்கள். ஒருத்தருக்கும் சந்தேகம் இல்லை. மனுஷர்களை ஏமாற்றுவதில் கஷ்டமே இல்லை போல.

சந்தானம் அண்ணனுக்கு இன்று வார ஓய்வு. தகரத்துக்குத் தார் ஷீட் வாங்க வேண்டும். இனி வாங்கலாம், இருக்கப் போகிறேனே.

17, சனி

எழுதவே மனசில்லை. எழுதிவிடுகிறேன்.

ம. 1.20. ச. அண்ணன் வந்தார், படத்தைத் துடைத்தார், டோக்கன் போட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவரைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. பழைய கருத்துகளை மாற்ற வேண்டும் என்றுதான் நினைத்தேன், இவர் ஏறிவிடுவார் என்று நினைக்கவில்லை. மெயினை அணைத்துவிடலாமா என்று கைகூடப் போனது. அணைக்கவில்லை.

இரண்டு, மூன்று, நான்கு. மளமளவென்று. அண்ணன் முகத்தில் சந்தோஷம் இல்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டே போனார். ஆறாவதில் நாய்கள் வரிசையாக நின்று வெட்டு வாங்கின. ஏழாவதில் ஒரே ஒரு தடியன், மூன்று வெட்டில் விழுந்தான்.

ஜன்னல் திறந்தது. முகம் என்று சொல்ல நாலு மஞ்சள் கட்டம், இரண்டு கறுப்புப் புள்ளி. முடி இல்லை. கை ஒரு தடவை ஆடியது. கீழே இங்கிலீஷில் ஒரு வரி.

"என்னம்மா போட்டிருக்கு?"

சலவைத் துணியில் பெயர் படித்துப் பழகிய இங்கிலீஷ்தான் எனக்கு. எழுத்துக்கூட்டினேன். "வீரனே நன்றி, மறுபடி புறப்படுன்னு இருக்குண்ணே."

திரை கறுத்தது. மறுபடி முதல் மாடி. அதே கதவு, அதே காவல்காரன்.

அண்ணன் கையை எடுத்துவிட்டார். காவல்காரன் வந்து வீரனைக் குத்தினான். இன்னும் உயிர் மீதி இருந்ததால் எழுந்து எழுந்து நின்றான், ஒவ்வொரு தடவையும் குத்து வாங்கினான். எல்லா உயிரும் தீரும்வரை அண்ணன் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அவ்வளவுதானா?" என்றார்.

நான் டோக்கன் டப்பாவை மூடி வைத்தேன்.

"நீங்க இதுல ஏதும் செஞ்சீங்களாம்மா? ஸ்டியரிங் லேசாயிருந்தா ஓட்டுறவனுக்குத் தெரியும்."

இல்லை என்றேன். பொய். நேருக்கு நேர் பார்த்துச் சொன்னேன்.

1.45க்கே பஸ்ஸுக்குப் போய்விட்டார். இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

18, ஞாயிறு

பூசை. பிரசங்கம் காதில் ஏறவில்லை. சந்தை நாள், ஊர் முழுக்கக் கூட்டம், கடையில் ஆள் இல்லை. ஏசுதாஸ் நேற்றுச் சாயங்காலமே ஏழையும் முடித்துவிட்டார். வாசலோடு போனவரைக் கூப்பிட்டேன். "அதான் முடிச்சாச்சேக்கா. இனி என்ன?" ஹோட்டலில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாராம், மேலே ஒன்றும் இல்லை என்று.

1.10க்கு பஸ் வந்தது. அண்ணன் இறங்கவில்லை. சீட்டிலேயே உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தார். குடையை எடுத்துக்கொண்டு போய் டிரைவர் கதவுப் பக்கம் நின்றேன்.

"நாந்தாண்ணே. பின்னாடி தெறந்து லேசாக்கி வச்சேன். கடை போயிரும்னு பயம்."

"தெரியும்மா."

"மன்னிச்சுக்கங்க."

"நீங்க என்ன செய்வீங்க. எப்படியும் என்னைக்காச்சும் ஏறித்தான இருப்பேன்." பன்னைத் தாளில் சுற்றினார். "இந்த வருசம் ஏறாம இருந்திருக்கலாம். அவ்வளவுதான்."

"மறுபடி கஷ்டத்துல வச்சிரட்டுமா?"

"பாத்தாச்சேம்மா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைப் பார்க்காத மாதிரி கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "நோட்ட எடுத்துட்டு வாங்க. எழுதுறேன்னு சொன்னேன்ல," என்றார். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. ஸ்டியரிங் மேல் வைத்து எழுதினார்: 'ஏழு மாடியும் ஏறி முடித்தேன். நல்ல விளையாட்டு. கடையை நடத்தும் அம்மா நல்லபடி கவனிக்கிறார்கள். சந்தானம், பஸ் டிரைவர்.'

19, திங்கள்

அத்தான் வெள்ளனே வந்துவிட்டார். காபி கேட்டார், போட்டுக் கொடுத்தேன். நோட்டை முதலிலிருந்து படித்தார். பழைய மோசங்களுக்கு உதட்டைப் பிதுக்கினார். வெள்ளிக்கிழமைப் பக்கம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ச. அண்ணன் எழுதியதை இரண்டு தடவை சத்தமாகப் படித்தார்.

தப்பித்தேன் என்றே நினைத்தேன்.

"பிரமாதமா எழுதிருக்காங்களே ரோணி. இவ்ளோ நல்ல பெட்டிய ஆளில்லாத மலைல வச்சுக்கிட்டு நான் என்ன செய்யுறேன்? திண்டுக்கல்லு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு எடம் காலியா கெடக்கு. தீபாவளிக் கூட்டத்துக்கு வெரசா எறக்கிடுவோம்."

கடை என்ன ஆகும் என்றேன்.

"இத ஒப்படைச்சுரலாம். நீயும் குளிர்ல கெடந்து எதுக்குச் சங்கடப்படணும்? அக்காவுக்கு முட்டி வலி, ஒத்தாசைக்கு ஆளில்லாமத் தவிக்கிறா."

நன்மை செய்கிற முகம். அவரை எப்படித் திட்டுவது. காபி டம்ளரை எடுத்துக்கொண்டு பின்னறைக்கு வந்து தாழ்ப்பாள் போட்டேன்.

20, செவ்வாய்

மேகம். லாரி 10க்கு. பாய், ட்ரங்குப் பெட்டி, ஸ்டவ், மாதா படம். ஸ்டவ் வேண்டாம் என்கிறார் அத்தான், அங்கே கேஸ் இருக்கிறதாம்.

கோட்டைப் பெட்டியைச் சாக்கில் சுற்றுகிறார்கள். படத்துப் பெண்ணின் கை மட்டும் வெளியே தெரிகிறது. ஈரம் படாமல் பின்கதவைச் சரியாகப் பூட்டினாயா, பார்த்துக்கொள் என்றார் அத்தான். பார்க்கிறேன் என்று சொல்லி, அவர் கயிறு வாங்கப் போன நேரம் திறந்தேன். கொண்டை ஊசியால் மூன்றாவதை மேலே தள்ளினேன்.

திண்டுக்கல்காரர்கள் என்னத்தையாவது எழுதட்டும். வழிப்பறி என்று எழுதட்டும். நாய்கள் வரைக்கும் போய்த் திரும்பட்டும்.

லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். சாவியை ஒப்படைக்க வேண்டும்.