பல்லடைப்பு இழுக்கும் விசை

தாசேக் கெலுகோர்
3 மார்ச் 2024

அன்புள்ள தம்பி தனேஷுக்கு,

அம்மாவும் நானும் நலம். நீ வந்து இரண்டு மாதமாகிறது. தீவிலிருந்து பாலத்தைத் தாண்டி வர அவ்வளவு தூரமா என்று அம்மா கேட்கிறார்.

போனில் கேட்கக் கூச்சமாக இருப்பதால் எழுதுகிறேன். உங்கள் ஆய்வுக்கூடத்தில் நீ சோதித்த அந்தப் புதிய அடைப்புப் பசையைத்தான் ஓராண்டாக என் கிளினிக்கில் பல்லுக்கு வைக்கிறேன். வலி என்று ஒவ்வொருவராகத் திரும்பி வருகிறார்கள். சிலருக்குப் பல்லின் ஓரமே பிளந்திருக்கிறது. நேற்று ரமணி டீச்சர் நாற்காலியிலேயே அழுதுவிட்டார். "அடைக்கிறதுக்கு முன்னாடி வலியே இல்லலா டாக்டர்" என்றார். அந்தப் பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று.

குறை பசையிலா, என் கையிலா? அளந்தவன் நீ. உள்ளதைச் சொல்.

அன்புடன்,
அக்கா சாந்தினி

டத்தோ கிராமாட்
11 மார்ச் 2024

அன்புள்ள அக்கா,

பசையில் குறை இல்லை. சோதனைக் கருவியில் இரண்டு தண்டுகளுக்கு நடுவே அதை வைத்து நீல ஒளி காட்டுவோம். இறுகிச் சுருங்கும்போது தண்டுகளை எவ்வளவு இழுக்கிறது என்று அளப்போம். இழுப்பு அதிகமானால்தான் பல் பிளக்கும். இதில் மிகவும் குறைவு.

நீ தனியாளாக நாளுக்கு இருபது பேரைப் பார்க்கிறாய். கொஞ்சம் ஓய்வெடு.

உன் தம்பி,
தனேஷ்

டத்தோ கிராமாட்
19 நவம்பர் 2024

அக்கா,

நீ கிளினிக்கை மூடிவிட்டதாக அம்மா போனில் சொன்னார். "அவளுக்குக் கை நடுங்குதுப்பா, ஊசி போடக்கூட பயப்படுறா" என்றார்.

மார்ச்சில் அந்தப் பதிலை எழுதியபோதே எனக்குத் தெரியும். எங்கள் கருவியில் தண்டைத் தாங்கும் சட்டம் மெலிதானது. பசை இழுக்க இழுக்க அது வளைந்து கொடுத்தது. விசை குறைவாகப் பதிவானது. ஜனவரியில் தடித்த சட்டம் மாட்டி மறுபடி அளந்தேன். இரண்டு மடங்குக்கு மேல் வந்தது. மேலாளர் மோகனராஜிடம் காட்டினேன். "ரிப்போர்ட்டு போயாச்சுலா தம்பி, கையெழுத்து உன்னோடது" என்றார். ஏப்ரலில் என் ஒப்பந்தம் முடிய இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

நேற்று வேலையை விட்டேன். இரண்டு அளவுகளையும் சுகாதாரத் துறைக்கு அனுப்பிவிட்டேன்.

உன் கையில் ஒரு குறையும் இல்லை அக்கா. மறுபடி திற.

தனேஷ்

தாசேக் கெலுகோர்
2 டிசம்பர் 2024

தனேஷுக்கு,

படித்ததும் பல் பார்க்கும் வாய்க்கண்ணாடியை எடுத்துப் பிடித்துப் பார்த்தேன். நடுக்கம் நிற்கவில்லை. காரணம் தெரிந்தால் நின்றுவிடும் என்று நினைத்திருப்பாய். நாற்காலியை அக்டோபரிலேயே விற்றாகிவிட்டது.

அந்தப் பசை வைத்த நூற்றுப் பன்னிரண்டு பேரையும் ஒவ்வொருவராக அழைத்து வேறு டாக்டரிடம் காட்டச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒன்பது பேருக்குப் பல் போய்விட்டது.

மோகனராஜ் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் என்னைப் பார்த்ததுகூடக் கிடையாது.

நீ மறைத்தது அம்மாவுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். பொங்கலுக்கு வா. சாப்பாடு போடுகிறேன். அம்மா எதிரில் பேசவும் செய்வேன். கடிதம் மட்டும் எழுதாதே. வந்தால் பிரிக்க மாட்டேன்.

சாந்தினி