சாயப்பட்டறை விறகு

ஆவணி, வெள்ளி இரவு

காட்டில் விறகு வெட்டுவதை விடச் சொல்லி ஆடு கொடுத்த திட்டம். அதனால் பலன் உண்டா என்று வீடு வீடாகக் கேட்டுப் பதிவது என் வேலை. இன்று காட்டோர ஊரில் அஞ்சலை என்பவள் எல்லார் முன்னாலும் சொன்னாள்: "ஆடு வந்ததுலேர்ந்து காட்டுப் பக்கமே போறதில்லமா." அப்படியே போனில் பதிந்துகொண்டேன்.

பஸ்ஸுக்கு நின்றபோது பின்னாலேயே வந்தாள். "பிள்ளையார்பாளையம் சாயக்காரர் வீட்டம்மாதானே நீங்க? விறகு இறக்க வந்தப்ப பாத்திருக்கேன். இந்த வாரம் லேட்டாவும்னு அவருகிட்ட சொல்லிடுங்கமா. காட்டுல ஃபாரஸ்ட்காரங்க ஜீப்பு சுத்திக்கினு இருக்குது."

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "கல்யாணப் பட்டுக்குச் சாயம் போடுற முகூர்த்த மாசத்துல பட்டறை அடுப்ப அணைக்க முடியுமா?" என்று எரிந்து விழுந்தார்.

அவள் பதிலைத் திருத்தினால் ஆட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள். திருத்தாவிட்டால் காடு பிழைத்தது என்று அறிக்கை போகும். என்ன பிழைப்போ இது.

ஊர் ஊராகப் போய், விறகுக்கு எங்கே போகிறீர்கள் என்று கேட்கிறேன். எங்கள் பட்டறையில் எரிகிற விறகு எங்கிருந்து வருகிறது என்று இத்தனை வருஷத்தில் ஒருநாளும் கேட்டதில்லை.