இரண்டு பக்கமும் வெட்டிய சிறகு

அன்புள்ள பெரியவளுக்கு,

கடைக்குப் பூட்டுப் போட்டு முத்திரை வைத்துவிட்டார்கள், உன் மாமா ஐந்து நாளாகக் காவலில் இருக்கிறான். இதைத் தவிர இங்கே எல்லோரும் சுகம், அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். வேறு யாரோ சொல்லி உன் காதுக்கு வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

ஓட்டல்காரருக்குப் போன வாரம் அறுபது காடை தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். வழக்கமாக வாங்கும் பண்ணையில் நோய் விழுந்து பாதி செத்துப்போனது. அந்த நேரம் பார்த்துப் புது ஆள் ஒருத்தன் வண்டியில் அறுபது கொண்டுவந்தான், எல்லாம் பண்ணைக் காடைதான் அக்கா, இளசு, அதான் எடை கம்மி என்றான். அறுபதும் பெட்டை. எனக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும், முட்டையிடுகிற பெட்டையை எந்தப் பண்ணைக்காரன் மொத்தமாக விற்பான், சேவலைத்தானே கழிப்பான். காட்டில் பிடிக்கிற மழைக்காடையில் சேவலுக்கு நெஞ்சில் கறுப்பு இருக்கும், குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும், அதனால் சேவலை ஒதுக்கிவிட்டு வந்திருக்கிறான். பெட்டைகள் இரண்டு இனமும் ஒரே அச்சு. சிறகை விரித்தால்தான் தெரியும், பண்ணைக் காடைக்குப் பறக்கும் இறகில் வெளிர் பட்டைகள் இருக்கும், மழைக்காடைக்கு வெறும் பழுப்பு. உறைத்திருக்க வேண்டும் என்று மேலே எழுதினேனே, அது பொய், உறைத்தது. ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்தேன், பட்டை இல்லை. இன்னொன்றையும் பார்த்தேன். காட்டுப் பறவையை விற்றால் ஜெயில் என்று இருபத்திரண்டு வருஷமாகத் தெரியும், ஆனால் ஓட்டல்காரர் கைவிட்டுப் போய்விடுவாரே என்ற நினைப்புத்தான் மண்டையில் நின்றது. மாமாவைக் கூப்பிட்டு, ரெண்டு பக்கமும் ஒட்ட வெட்டுடா, இறகை அடுப்புல போடு என்றேன். ஏன் என்று அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் காலை வன அதிகாரி வந்தாள், உன் வயதுதான் இருக்கும். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, பறக்காம இருக்க ஒரு பக்கம் வெட்டினா போதுமே, எல்லாக் கடையிலயும் அப்படித்தானே, நீங்க மட்டும் ஏன் ரெண்டு பக்கமும் என்று கேட்டாள். மாமா முந்திக்கொண்டு, நான்தாங்க வெட்டினேன், அக்கா அன்னிக்குக் கடைக்கே வரல என்று சொல்லிவிட்டான். இறகு முளைச்சா எந்தக் காடைன்னு தெரிஞ்சிடும், அதுவரைக்கும் வெட்டின ஆள் உள்ள இருக்கட்டும் என்று அழைத்துப் போய்விட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை.

பார்க்கப் போனேன். நம்ம கூண்டைவிட இது கொஞ்சம் பெருசுதான் அக்கா, தீனிதான் மட்டம் என்று சிரித்தான், இடுப்பில் வேட்டி நிற்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டே நின்றான். அன்று சாயங்காலம் மாமி வந்தாள். அழவில்லை, சண்டை போடவில்லை. அவரா ஒரு இறகு வெட்ட மாட்டாரு அண்ணி, நீங்க சொன்னாத்தான் வெட்டுவாரு என்று மட்டும் சொல்லிவிட்டு, வைத்த காப்பியைத் தொடாமல் எழுந்து போனாள்.

நேற்று வக்கீலோடு கோர்ட்டுக்குப் போய் நடந்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். பேரம் பேசியே பிழைத்தவள், அங்கேயும் பேசிப் பார்த்தேன், பெரிதாக இறங்கவில்லை. நீ லீவு போட்டுக்கொண்டு ஓடி வராதே, வந்தாலும் இங்கே உனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. அப்பாவுக்குத் தினமும் போன் செய்து மாத்திரை போட்டாயா என்று கேள், அவர் போட்டேன் என்பார், நம்பாதே, அட்டையை எண்ணச் சொல். மாமாவிடம் பேசும்போது என் பேச்சை எடுக்காதே. நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுசோடு, யாருக்கும் பயப்படாமல் தூங்குகிற வாழ்வு வாழ வேண்டும்.

பேசி முடித்தது இதுதான்: காடை விற்கும் உரிமம் இனி நம் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது, மாமா மேல் வழக்கு இல்லை, நாளைச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவான், எனக்கு ஆறு மாதம், வரும் திங்கட்கிழமையிலிருந்து.

உன் அம்மா